விரல் நனையாமல் காக்கும் வீடு!

கனடாவின் வரைபடத்தில் விரலை வைத்து மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனால், முதலில் ஊர்கள் குறையும். அப்புறம் காடு முடியும். மரமே முளைக்காத வெற்றுத் தரை வரும். அதையும் தாண்டினால், கடலும் தீவுகளுமாகச் சிதறிக் கிடக்கும் வடக்கில் ஒரு சின்னப் புள்ளி தட்டுப்படும். அதுதான் இக்லூலிக்.

பாஃபின் தீவுக்கும் மெல்வில் தீபகற்பத்துக்கும் இடையே இருக்கிற தட்டையான தீவு அது. மக்கள்தொகை சுமார் 2,000. கிட்டத்தட்ட எல்லோரும் இனுயிட் மக்கள். பள்ளிப் புத்தகங்களில் 'எஸ்கிமோ' என்று அறிமுகமானவர்கள் இவர்கள்தான். அந்தப் பெயரை இவர்களில் பலர் விரும்புவதில்லை. 'இனுயிட்' என்றால் இவர்கள் மொழியில் 'மனிதர்கள்' என்று அர்த்தம். 1999 ஏப்ரல் 1 அன்று உருவான நுனாவுட் என்ற தனிப் பிரதேசத்துக்குள் இந்த ஊர் வருகிறது.

இக்லூலிக்குக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் போகலாம். கோடையில் கடல்பனி விலகும்போது சரக்குக் கப்பல் வரும். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். அன்று ஊரே கூடி விழா எடுக்கிறது. ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. அதாவது, ஜனவரி மாதத்து இக்லூலிக்வாசிக்கு நம் ஃப்ரீசர் கொஞ்சம் கதகதப்பான இடம்!

உலக சினிமா பார்ப்பவர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. 2001-ல் கான் திரைப்பட விழாவில், அறிமுக இயக்குநருக்கான 'கேமரா தோர்' விருதை வென்ற 'அதனார்ஜுவாட்' படம் இங்கேதான் எடுக்கப்பட்டது. முழுக்க முழுக்க இனுயிட் மொழியில் உருவான முதல் முழுநீளத் திரைப்படம் அது. இயக்குநர் ஸக்கரியாஸ் குனுக் இக்லூலிக்காரர். பனி வெளியில் வெறும் உடம்போடு, வெறுங்காலோடு ஒருவன் உயிருக்காக ஓடும் காட்சியைப் பார்த்தவர்களால் அதை மறக்க முடியாது.

அந்தப் படத்தில் வரும் மனிதர்களின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? தோலில் தைத்த பெரிய உறைகளை மாட்டியிருப்பார்கள். வேட்டை, வீடு, திருமணம், பகை என்று எல்லாமே அந்தக் கைகளை நம்பித்தான் நடக்கும். ஊரின் நிஜ வாழ்க்கையும் அப்படித்தான்.

பத்து விரலும் பத்து ஆயுதம்

இக்லூலிக்கில் வேட்டை பொழுதுபோக்கு கிடையாது. அது ஊரின் சமையலறை. கடையில் காய்கறியும் பாலும் கிடைக்கும். ஆனால், விமானத்தில் வந்திறங்கும் பொருளுக்கு விமானக் கட்டணமும் சேர்ந்துதான் விலை. அதனால் சீல், வால்ரஸ், காரிபூ மான், மீன் ஆகியவைதான் இன்றைக்கும் பல குடும்பங்களின் முக்கிய உணவு. கிடைத்ததை உறவினர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் வயதானவர்களோடும் பங்கிட்டுக்கொள்வது இவர்களின் பழக்கம்.

இப்போது வேட்டைக்காரரிடம் துப்பாக்கி இருக்கிறது. படகு, ஸ்னோமொபைல், ஜி.பி.எஸ்., சாட்டிலைட் போன் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் விரல் வேலை செய்யாவிட்டால் இவை எதுவும் வேலை செய்யாது. துப்பாக்கி விசையை அழுத்த வேண்டும். இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஸ்டவ் பற்றவைக்க வேண்டும். நின்றுபோன இன்ஜினைத் திறந்து, சின்னச் சின்ன உதிரிப் பாகங்களைக் கழற்றி மாட்ட வேண்டும். ஊரிலிருந்து பல மணி நேரத் தொலைவில் விரல் மரத்துப்போனால், முதலில் வேட்டை போகும். பிறகு உயிரே போகலாம்.

மைனஸ் 30 டிகிரிதான் மிகப் பெரிய ஆபத்து என்று நமக்குத் தோன்றும். குளிர் தேசத்து வேட்டைக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். மைனஸ் 30 டிகிரியில் பனி வறண்டு, மணல் மாதிரி உதிரும். தட்டிவிட்டால் போய்விடும். உடையில் ஒட்டாது, நனைக்காது. அவர்களைப் பயமுறுத்துவது பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். கடல் உறையத் தொடங்கும் இலையுதிர் காலமும், பனி உருகத் தொடங்கும் ஜூன் மாதமும் அப்படிப்பட்டவை. பனி சேறாகக் குழையும், மழை தூறும், கடல்நீர் தெறிக்கும். எதைத் தொட்டாலும் ஈரம்!

காரணம் எளிமையானது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கம்பளியோ ரோமமோ நம்மைச் சூடாக வைத்திருப்பதில்லை. அவற்றுக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. உறை நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். காவல்காரன் போய்த் திருடன் வந்து உட்கார்ந்த கதைதான். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐஸ் கட்டியைத் தொடுவதைவிட, ஐஸ் தண்ணீரில் கை ஊறுவதுதான் அதிகம் வலிக்கும்.

இக்லூலிக் கடல்நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. உப்பு இருப்பதால் அது சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். ஆகவே, பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் அது தண்ணீராகவே அலையடித்துக்கொண்டிருக்கும்.

மானுக்கு ஒரு காலம், சீலுக்கு ஒரு காலம்

இந்தக் குளிருக்கு இனுயிட் மக்கள் கண்ட விடை, ஒரே ஒரு நல்ல கையுறை அல்ல. காலத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள்.

வறண்ட கடுங்குளிருக்குக் காரிபூ மானின் தோல். காரிபூவின் ரோமத்துக்குள் காற்றறைகள் உண்டு. ரோமங்களுக்கு இடையிலும் காற்று, ரோமத்துக்குள்ளேயும் காற்று. அதனால் எடையே தெரியாமல் வெப்பத்தைக் காக்கும். உடைக்கு ஏற்ற தோல் கோடை முடிவில், ஆகஸ்ட் வாக்கில் கிடைப்பது. கையுறைக்கு மானின் கால் பகுதித் தோலை எடுப்பார்கள். அங்கே ரோமம் குட்டையாக, உறுதியாக இருக்கும். பனி ஒட்டாது, சீக்கிரம் தேயாது. 

ஆனால் காரிபூ தோலுக்கு ஈரம் ஆகாது. நனைந்தால் கனக்கும், ரோமம் உதிரும். அதனால் ஈரமான காலத்துக்கும் கடல் வேலைக்கும் சீல் தோல். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் நீந்தும் பிராணியின் தோல் ஆயிற்றே! 'நத்திக்' எனப்படும் வளையச் சீலின் தோல் கையுறைக்கும் காலணியின் மேல்பகுதிக்கும் பயன்படும். தாடிச் சீலின் தடித்த தோல், காலணியின் அடிப்பாகத்துக்கும் கயிற்றுக்கும் போகும். தண்ணீரில் அதிகம் புழங்கும் வேலை என்றால், ரோமத்தை நீக்கிப் பதப்படுத்திய சீல் தோலைப் பயன்படுத்துவார்கள்.

இவர்கள் மொழியில் கையுறை 'பூவாலுக்'. நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே பை, கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை என்றால் பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆனால், ஒவ்வொரு விரலும் தனியாகக் குளிரோடு போராட வேண்டியிருக்கும். ஒரே பைக்குள் இருந்தால் நான்கும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். குளிர்ராத்திரியில் நான்கு பிள்ளைகளை ஒரே போர்வைக்குள் படுக்கவைப்பது மாதிரிதான்!

உறை தளர்வாகவும் இருக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் குறையும், உள்ளே காற்றுக்கும் இடம் இருக்காது. நீளமாகவும் இருக்க வேண்டும். மணிக்கட்டில் ரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அங்கே காற்றுப் பட்டால் விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். இரண்டு உறைகளையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வதும் வழக்கம். சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோலத் தோன்றும். பனிக்காற்றில் ஒரு கையுறை பறந்துபோனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வடக்கு அட்லாண்டிக்கின் இன்னொரு மூலையான ஐஸ்லாந்தில், படகில் போகும் மீனவர்கள் இதே பிரச்னைக்கு வேறொரு வழி கண்டார்கள். அவர்களின் கம்பளி உறைக்கு இரண்டு கட்டைவிரல்கள் உண்டு! துடுப்பும் தூண்டில் கயிறும் பட்டு உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துபோனால், உறையை அப்படியே திருப்பி மாட்டிக்கொள்ளலாம். குளிர்க்கடலில் கை வைத்துப் பிழைத்தவர்கள் எல்லோருமே இதற்கு மூளையைச் செலவழித்திருக்கிறார்கள்.

ஊசி முழுசாக இறங்காத தையல்

தோல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் தையல் ஓட்டையில் தண்ணீர் நுழைந்தால் எல்லாம் வீண். இங்கேதான் இனுயிட் பெண்களின் கைவண்ணம் வருகிறது.

முதலில் தோலைப் பதப்படுத்த வேண்டும். 'உலு' எனப்படும் அரைவட்டக் கத்தியால் உள்பக்கக் கொழுப்பைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு கழுவி, இழுத்துக் கட்டி, உலர்த்தி, மறுபடி சுரண்டி, மிதித்தும் பிசைந்தும் மென்மையாக்குவார்கள். ஒரே தோலில் நாள்கணக்கில் வேலை இருக்கும்.

தைக்கும் நூல், மிருகத்தின் முதுகுத் தசைநாணிலிருந்து பிரித்தெடுத்து உலர்த்திய இழை. 'இவாலு' என்று பெயர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நனைந்தால் இந்த இழை உப்பும். உப்பினால் ஊசி போட்ட துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வரவர, தையல் இறுகும்!

தைக்கும் முறையும் தனி. தண்ணீர் புகாத தையல் என்றால் இரண்டு வரிசை போட வேண்டும். ஊசி, தோலின் மறுபக்கம் வரை போகக் கூடாது. தோலின் பாதித் தடிமன் வரை இறங்கி, அப்படியே வெளியே வர வேண்டும். முதல் வரிசை ஒரு பக்கம், இரண்டாவது வரிசை மறுபக்கம். எந்தத் துளையும் தோலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகாது. துளையே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படி நுழையும்?

அளவெடுக்க டேப் கிடையாது. கண்ணாலும் கை அளவாலும் அளந்து, உலுவால் வெட்டுவார்கள். கணவனுக்கு, மகனுக்கு, பேரனுக்கு என்று ஒவ்வொரு கையின் அளவும் தைப்பவரின் நினைவில் இருக்கும். கடல்பனி மீது வேட்டைக்குப் போகும் காலம் வருவதற்குள், காரிபூ தோல் உடைகளைத் தைத்து முடித்துவிட வேண்டும் என்று இக்லூலிக் பகுதியில் பழைய கட்டுப்பாடு ஒன்று இருந்தது. அது சடங்கு சார்ந்த நம்பிக்கை. ஆனால் குளிர் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் உடை தயாராகிவிடும் என்ற நன்மையும் அதில் இருந்தது.

பனித்துளை முன் ஒரு நாள்

குளிர்காலத்தில் கடல் உறைந்த பிறகு, சீல் மூச்சுவிடப் பனியில் சின்னத் துளைகளை வைத்திருக்கும். அதற்கு 'அக்லு' என்று பெயர். வேட்டைக்காரர் அந்தத் துளையின் முன்னால் அசையாமல் நிற்பார். சில நேரம் மணிக்கணக்கில். துளையில் வைத்த மெல்லிய குச்சியோ, பறவையின் மென்தூவியோ அசைந்தால் சீல் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் ஈட்டியை எறிய வேண்டும். மரத்துப்போன கையால் அது நடக்காது.

ஆடவும் கூடாது, அசையவும் கூடாது என்றால் கையை எப்படிச் சூடாக வைப்பது? காரிபூ தோல் அங்கியைத் தொளதொளவென்று தைப்பதன் ரகசியம் இங்கேதான் தெரியும். சட்டைக் கையிலிருந்து கையை உள்ளே இழுத்து, வெறும் மார்போடு அணைத்துக்கொள்ளலாம். அக்குளுக்குள் விரலைச் செருகிக்கொள்ளலாம். உடம்பே அடுப்பு!

சீல் கிடைத்த பிறகுதான் ஈரத்தின் சோதனை தொடங்கும். கயிறு பிடித்து இழுக்க வேண்டும், தோலுரிக்க வேண்டும், துண்டு போட வேண்டும். அனுபவசாலிகள் பல வேலைகளுக்கு உறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவார்கள். கை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். உறை நனைந்தால் வீடு திரும்பும் வரை தொல்லை. அப்போதுதான் பிடித்த சீலின் உடம்பு உள்ளே சூடாக இருக்கும். விரல் விறைக்கும்போது அதற்குள்ளேயே கையை வைத்துச் சூடேற்றிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த பனியை அள்ளிக் கையில் ஒற்றி எடுப்பார்கள். கடுங்குளிரில் உலர்ந்த பனி, மை ஒற்றும் தாள் மாதிரி ஈரத்தை உறிஞ்சும். பிறகு அங்கிக்குள் காயவைத்திருந்த உறையை எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

கோடையில் வால்ரஸ் வேட்டை. மிதக்கும் பனிப்பாளங்களுக்கு நடுவே படகில் போக வேண்டும். ஒரு வால்ரஸ் 1,000 கிலோவைத் தாண்டலாம். அதைப் பனிப்பாளத்தின் மேல் இழுத்துப் போட்டு வெட்டுவது பலபேர் சேர்ந்து செய்யும் வேலை. சுற்றிலும் உறைநிலைத் தண்ணீர், கையில் நனைந்த கயிறு. இந்த வேலைக்கு இப்போது பலரும் மீனவர்கள் போடும் ரப்பர் பூசிய கையுறையையும், உள்ளே கம்பளி உறையையும் பயன்படுத்துகிறார்கள். உள் உறை நனைந்ததும் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டுவதற்கு, மாற்று ஜோடி ஒன்று பையில் தயாராக இருக்க வேண்டும். நடுநடுவே சூடான தேநீரும் கொழுப்பு நிறைந்த இறைச்சியும் உண்டு. வயிற்றில் எரிபொருள் இருந்தால்தான் விரல் நுனி வரை சூடு போகும்.

இன்னொரு ஈரமும் உண்டு. அது வெளியிலிருந்து வராது. வியர்வை! வேகவேகமாக வேலை செய்து வியர்த்துவிட்டால், உறை உள்பக்கமிருந்து நனைந்து பிறகு உறையும். அதனால் அவசரப்படாமல், ஒரே சீராக வேலை செய்யவே பெரியவர்கள் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள்.

ரத்தம் ஆடும் கண்ணாமூச்சி

கை குளிர்ந்தால் உடம்பு என்ன செய்யும்? இதயம், நுரையீரல் போன்ற முக்கிய உறுப்புகளைக் காப்பாற்ற, விரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். விரல் வெளுத்து, மரத்துப்போகும். ஆனால் சில நிமிடங்கள் கழித்து, திடீரென்று குழாய்கள் கொஞ்ச நேரம் விரியும். சூடான ரத்தம் பாயும். மறுபடி சுருங்கும், மறுபடி விரியும்.

இதை 1930-ல் விரிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். ஆங்கிலத்தில் அவர் இதற்கு வைத்த பெயரின் நேர் அர்த்தம், 'வேட்டை எதிர்வினை'! மிருக வேட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெப்பநிலை சரியான இடத்தைத் தேடுவதுபோல ஏறி ஏறி இறங்குவதால் அந்தப் பெயர். ஆனாலும், அந்த எதிர்வினையால் மிகவும் பயனடைகிறவர்கள் வேட்டைக்காரர்களும் மீனவர்களும்தான்.

1950-களின் தொடக்கத்தில் கனடா மருத்துவ ஆய்வாளர்கள், நுனாவுட்டில் இருக்கும் சவுத்தாம்ப்டன் தீவின் இனுயிட் மக்களுடைய கைகளில் ரத்த ஓட்டத்தை அளந்து பார்த்தார்கள். தெற்கு கனடாவின் மருத்துவ மாணவர்களோடு ஒப்பிட்டபோது, இனுயிட் கைகளில் ரத்த ஓட்டம் கணிசமாக அதிகமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கக் குளிரில் புழங்கிய கைகள் ஓரளவுக்குப் பழகிக்கொள்கின்றன. ஆனால் எந்தப் பழக்கமும் நனைந்த உறையை ஈடுகட்டாது. பனிக்கடி இனுயிட் மக்களுக்கும் வரும்.

விரல் மெழுகுபோல வெளுத்து, உணர்ச்சி போய்விட்டால் தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் மோசம். நெருப்பில் காட்டுவதும் தவறு. உணர்ச்சி இல்லாத விரல் வெந்துபோவதுகூடத் தெரியாது. பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு, 37 முதல் 39 டிகிரி வரை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும். மறுபடி உறையும் ஆபத்து இருந்தால், வழியில் இளக்கவே கூடாது. மருத்துவ உதவி கட்டாயம். இமயமலைப் பக்கம் சுற்றுலா போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விளக்கின் மேலே ஒரு கொடி

வேட்டையிலிருந்து திரும்பியதும் முதல் வேலை, வாசலிலேயே உடையைத் தட்டுவது. இதற்கென்றே எலும்பிலோ மரத்திலோ செய்த கட்டை ஒன்று உண்டு. ரோமத்தில் ஒட்டிய பனியை உள்ளே கொண்டுபோனால் அது உருகித் தண்ணீராகும். வெளியே வைத்தே தட்டிவிட்டால், ஈரம் வீட்டுக்குள் வராது.

அடுத்தது உலர்த்தல். பழைய பனிவீட்டில் 'குல்லிக்' என்ற கல்விளக்கு எரியும். பிறைநிலா வடிவில் குடைந்த மாக்கல்லில் சீல் எண்ணெய் ஊற்றி, பாசியும் பஞ்சுப் புல்லும் கலந்த திரியை ஓரத்தில் வரிசையாகப் பரப்பி ஏற்றுவார்கள். வெளிச்சம், சமையல், குடிக்கப் பனி உருக்குவது எல்லாம் அந்த ஒரே விளக்கில்தான். அதன் மேலே ஓர் உலர்த்தும் சட்டம் தொங்கும். கையுறையும் காலணியும் இரவெல்லாம் அங்கே காயும். அதிக சூட்டில் தோல் சுருங்கி வெடிக்கும், குறைந்த சூட்டில் காயாது. விளக்கைப் பதமாகப் பார்த்துக்கொள்வது பெண்ணின் பொறுப்பு. காய்ந்து விறைத்த தோலைக் காலையில் மறுபடி பிசைந்து மென்மையாக்கித்தான் கணவன் கையில் கொடுப்பாள்.

பனிவெளியில் ஒருவர் தனியாக நிற்பதுபோலத் தெரியும். ஆனால் அவர் விரலில் இருக்கும் சூட்டுக்குப் பின்னால் வீட்டில் சுரண்டிய, தைத்த, உலர்த்திய கைகள் இருக்கின்றன. வேட்டை வெளியே முடிகிறது. தொடங்குவது வீட்டுக்குள்தான்.

அறுந்த நூல்

இந்தச் சங்கிலி கடந்த நூற்றாண்டில் பல இடங்களில் அறுபட்டது.

முதல் அடி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. 1950-களின் நடுவிலிருந்து, இக்லூலிக் பகுதிப் பிள்ளைகள் பலர் பெற்றோரைப் பிரிந்து, தொலைவில் உள்ள செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அம்மா தோல் பதப்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வயதில், பெண் பிள்ளைகள் விடுதியில் இருந்தார்கள். அப்பாவோடு பனியில் நிற்க வேண்டிய வயதில், ஆண் பிள்ளைகளும் அப்படியே. அங்கே பிள்ளைகள் அனுபவித்த கொடுமைகளுக்காகப் பின்னாளில் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது. ஆனால் கண்ணால் பார்த்துக் கைக்கு வர வேண்டிய வித்தையைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

இரண்டாவது அடி சந்தையிலிருந்து வந்தது. வெள்ளை ரோமம் கொண்ட சீல் குட்டிகளைக் கொல்வதை எதிர்த்து உலக அளவில் இயக்கம் எழுந்தது. 1983-ல் ஐரோப்பிய சமூகம் அந்தக் குட்டிகளின் தோல் இறக்குமதிக்குத் தடை போட்டது. இனுயிட் மக்கள் வேட்டையாடியது அந்தக் குட்டிகளை அல்ல. ஆனால் சீல் தோல் என்றாலே யாரும் வாங்காத நிலை வந்து, எல்லாத் தோலின் விலையும் சரிந்தது. உணவுக்காகப் பிடித்த சீலின் தோலை விற்று, அந்தப் பணத்தில் பெட்ரோலும் தோட்டாவும் வாங்கிய குடும்பங்களின் வருமானம் நின்றது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடையை விரிவாக்கியபோது இனுயிட் மக்களுக்கு விலக்கு அளித்தது. இழந்த சந்தை பழையபடி மீளவில்லை. அலெத்தியா அர்னாகுக் பாரில் என்ற இனுயிட் பெண் இயக்குநர் 2016-ல் 'ஆங்க்ரி இனுக்' என்ற ஆவணப்படத்தில் இந்த வலியைத்தான் பேசினார்.

மூன்றாவது, மான். பாஃபின் தீவில் காரிபூ எண்ணிக்கை மிகவும் சரிந்ததால், 2015 ஜனவரியில் அங்கே காரிபூ வேட்டையையே நிறுத்திவைத்தார்கள். பிறகு சிறிய ஒதுக்கீட்டோடு அனுமதி தந்தார்கள். மான் குறைந்தால் இறைச்சியோடு சேர்த்து, தைக்கத் தோலும் குறையும்.

நான்காவது, பருவநிலை. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. சூடானால் கைக்கு நல்லதுதானே என்று தோன்றும். கடல்பனி தாமதமாக உறைந்து, சீக்கிரம் உருகினால், ஈரக் குளிரின் நாள்கள் நீளும். பனியாக விழ வேண்டியது சில நேரம் மழையாக விழுகிறது. நம்பி நடந்த பனி மெலிந்து, ஆள் தண்ணீரில் விழும் ஆபத்து கூடுகிறது. வேட்டைக்காரர்கள் எதற்கு அதிகம் பயந்தார்களோ, அந்தப் பருவம்தான் வளர்கிறது.

மறுபடி ஊசி எடுத்தவர்கள்

ஆனாலும் இக்லூலிக் கைகட்டி உட்காரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் 1980-களிலேயே தங்கள் நினைவுகளை ஒலிநாடாவில் பதிய ஆரம்பித்தார்கள். வேட்டை, தையல், வானிலை, நட்சத்திரம், கதை என்று நூற்றுக்கணக்கான பேட்டிகள் சேர்ந்தன. காளான் குடை மாதிரி கட்டப்பட்ட ஊரின் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து நடந்த வேலை அது. நுனாவுட் தலைநகர் இக்கலூயிட்டில், ஆர்க்டிக் கல்லூரி ரோமத் தோல் உடைத் தயாரிப்புக்குத் தனிப் படிப்பே நடத்துகிறது.

இன்றைய வேட்டைக்காரர் பழையதையும் புதியதையும் கலந்துதான் பயன்படுத்துகிறார். ஸ்னோமொபைல் கைப்பிடியில் மின்சூடு இருக்கலாம். சட்டைப் பையில், இரும்புத்தூள் காற்றோடு சேர்ந்து சூடாகும் பொட்டலம் இருக்கலாம். மின்சூடு, வண்டி நின்றால் நிற்கும். பொட்டலம் சில மணி நேரத்தில் ஆறும். அதனால் நீண்ட பயணத்துக்குத் தோல் உறை கூடவே போகிறது. கல்விளக்கு விழாக்களில் ஏற்றுவதோடு சரி. கையுறை இப்போது ஹீட்டருக்கு மேலேயும், கூடாரத்தில் ஸ்டவ்வுக்கு மேலே கட்டிய கயிற்றிலும் காய்கிறது. சாதனம் மாறினாலும் சட்டம் மாறவில்லை: இரவில் காயாத கையுறை, காலையில் வெளியே போகக் கூடாது.

சீல் தோல் கையுறை இப்போது ஊர்களின் இணையக் குழுக்களில் விற்பனைக்கும் வருகிறது. அரசு அலுவலகத்துக்குப் போகும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் பெருமையாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு ஜோடியின் விலையைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மலைப்பது உண்டு. தோலை உரித்தவர், சுரண்டியவர், தைத்தவர் என்று அதற்குள் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டால் மலைப்பு தீர்ந்துவிடும்.

அந்த விலையில் ஒரு பங்கு, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைத் தோலின் பாதி வரை மட்டும் இறக்கக் கற்றுக்கொள்ளும் பேத்திக்கும் போகிறது. அவள் கை பழகிவிட்டால், இக்லூலிக்கின் அடுத்த தலைமுறை வேட்டைக்காரர்களுக்கு விரல் விறைக்காது!